நிறுத்தினால் நிற்கிற வூஃபர்

என் அக்காவைக் கட்டியவர் எதையும் கண்ணால் நம்ப மாட்டார். உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துப் பார்ப்பார். சுவர், மரம், பேருந்து, மாவு மெஷின், காய்ச்சல்காரனின் முதுகு, எதுவானாலும் சரி. கையை வைத்தபடி தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு கையைக் காட்டி அமர்த்துவார். பிறகு "அதிருது" என்பார், அல்லது "அதிரல" என்பார். அதிர்ந்தால் விலகிவிடுவார்.

ஒருமுறை அக்காவையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு, வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தவர் ஜன்னலைத் தட்டினார். "எறங்குங்க. இந்த வண்டி வேணாம்."

"இன்னாவாம் வண்டிக்கு?" என்றாள் அக்கா.

"அதிருது."

"பஸ்ஸுன்னா அதிராம இன்னா பண்ணும்? தூங்குமா?"

கண்டக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இறக்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு புளி லோடு வண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து போனோம். கணியம்பாடியில் டீ குடிக்க நின்றபோது, நாங்கள் விட்ட பேருந்து ஒரு ஆணிகூடக் கழலாமல் வேலூர் போய்த் திரும்பி, எங்களைத் தாண்டி மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், டீயை ஊதினாள். அவர் கை பத்தில் ஒன்பது முறை தப்பாகத்தான் சொல்லும். அதற்காக அவர் வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

இப்படி மாவு மெஷினுக்குப் பயப்படுகிற மனிதர்தான் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை மொட்டைப்பாறையின் விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கி மலைத்தேன் எடுப்பார். காவலூர்ப் பக்கம் எங்கள் ஊர். பாறைமேல் நின்றால் ஒரு பக்கம் வானாய்வுக்கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரியும். மறுபக்கம் எதுவும் தெரியாது, செங்குத்துப் பள்ளம். அந்தப் பக்கத்தின் அடிவயிற்றில்தான் பெரிய தேனீக்கள் அடை வைக்கும். ஒரு ஆள் படுக்கிற அகலத்தில் கறுப்பாகத் தொங்கும். கறுப்பு அடையின் நிறம் அல்ல, மேலே மூடியிருக்கும் ஈக்கள்.

"பஸ்ஸுக்குப் பயந்த ஆளு பாறையில எப்டி மாமா தொங்கறீங்க?" என்று கேட்டேன்.

"பயந்துக்கினுதான் தொங்கறேன்" என்றார்.

தொங்குவதற்கு இரண்டு கயிறு. முடிச்சுப் போட்ட ஒன்று விளிம்பில் இருக்கிற இச்சி மரத்தில் கட்டியிருக்கும், அதைப் பிடித்து இறங்குவார். இன்னொன்று அவர் இடுப்பில் கட்டி, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மேலே ஓர் ஆளின் கையில் இருக்கும். கொட்டு வாங்கிக் கை நழுவினால் இந்த இரண்டாவது கயிறுதான் உயிர். அதை மரத்தில் கட்டிவிட்டுப் போகக் கூடாது. யார் வேண்டுமானாலும் பிடிக்கவும் கூடாது. இறங்குகிறவனின் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூட ஏதாவது நிலத் தகராறில் கையை விடலாம், கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது எவனும் விடமாட்டான் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. அக்காவுக்கு நான் ஒருவன்தான். சித்தப்பா பெரியப்பா வகையிலும் ஆண் இல்லை. ஆகவே அவர்கள் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்தக் கயிறு என் கையில்.

இறங்குவதற்கு முன் பாறையில் கையை வைப்பார். அதிரவில்லை என்று தெரிந்தால்தான் கால் கீழே போகும்.

நான் வேலூரில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அக்கா வீட்டில் தங்கியிருந்த காலம் அது. சும்மா உட்கார என்னால் முடியாது. ஸ்பீக்கர் கட்டுவது என்று முடிவு செய்தேன். சந்தையில் கிடைக்கிற ஓட்டை வைத்த பெட்டி அல்ல, எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி. ஓட்டை வைத்தால் சத்தம் கூடும், ஆனால் பாட்டில் மேள அடி விழுந்த பிறகும் 'ம்ம்ம்' என்று ஒரு வால் நீளும். அடைத்த பெட்டியில் உள்ளே சிக்கிய காற்றே ஸ்பிரிங் மாதிரி ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிடித்து நிறுத்தும். அடி விழுந்தது, முடிந்தது. அந்தச் சுத்தத்துக்காக எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் உடைத்துப் போட்ட அலமாரி ப்ளைவுட் கிடைத்தது. இரண்டு குடம் தண்ணீர் பிடிக்கிற அளவுக்குத்தான் பெட்டி வந்தது. உள்ளே அடைக்கப் பழைய தலையணையின் இலவம்பஞ்சு.

தாழ்ந்த சத்தம் தருகிற வட்ட ஸ்பீக்கர், அதாவது வூஃபர், மூன்று வைத்திருந்தேன். ஒன்று பன்னிரண்டு அங்குலம், செங்கத்தில் ஒரு சவுண்டு செட்காரர் கழற்றிப் போட்டது. இன்னொன்று எட்டு அங்குலம், ரப்பர் விளிம்பு, புதிது. மூன்றாவது காரில் வைக்கிற ஆறரை அங்குலம். என் மனது பன்னிரண்டிலேயே இருந்தது. அதைத் தூக்கினாலே கை இறங்கும், பார்க்கவே ஒரு கர்வம்.

இத்தனைக்கும் எனக்குத் தெரியும். வூஃபரோடு வருகிற தாளில் 'கியூ' என்று ஒரு எண் இருக்கும். கூம்பு தன் ஆட்டத்தைத் தானே எவ்வளவு அடக்கும் என்பதன் அளவு அது. அடைத்த பெட்டிக்கு அரைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. எட்டு அங்குலத்தின் தாளில் அரைக்குச் சற்றே குறைவு, என் பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி. பன்னிரண்டுக்குத் தாளே இல்லை. அதற்கு பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும், என் சின்னப் பெட்டியில் போட்டால் மூச்சு முட்டிக் குளறும். எல்லாம் தெரிந்துதான் பன்னிரண்டுக்கு வட்டம் வரைந்துகொண்டிருந்தேன்.

அவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா மச்சான், மூணு தட்டை வச்சிக்கினு யோசன பண்ற?"

"தட்டு இல்ல மாமா, வூஃபர். எது நல்லாருக்கும்னு பாக்கறேன்."

"நல்லதுன்னா எது?"

நான் பொரிந்து தள்ளினேன். காற்று ஸ்பிரிங், கியூ, வால், எல்லாவற்றையும். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப நிறுத்துனா நிக்கணும். அதான?" என்றார்.

நான் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்ததை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டதில் எனக்கு எரிச்சல். "ஆமா" என்றேன்.

மூன்றையும் சுவரில் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றின் கூம்பையும் விரலால் சுண்டி, உடனே விளிம்பில் கையை வைத்தார். பன்னிரண்டில் கையை எடுக்கவே இல்லை. "இது நிக்கல. இன்னும் போவுது." ஆறரையில், "இதுவும் கொஞ்சம் போவுது." எட்டில் சுண்டினார், வைத்தார், எடுத்துவிட்டார். "இது நிக்குது."

"தாள்லயும் அதான் போட்டிருக்கு" என்றேன், வேண்டாவெறுப்பாக.

"அப்பறம் எதுக்கு பெருசுக்கு வட்டம் போட்ட?"

அக்கா உள்ளேயிருந்து, "பெருசா இருக்கேன்னுதான்" என்றாள். அவர் சிரித்தார். பன்னிரண்டுக்குப் போட்ட வட்டத்தின் உள்ளே எட்டுக்கு இன்னொரு வட்டம் போட்டேன்.

பெட்டியை ஒட்டி முடித்து, கூம்பை மெல்ல அழுத்தி விட்டேன். காற்று கசியாவிட்டால் அது சோம்பலாகத் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பியது. எங்கோ ஓட்டை. ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன், அகப்படவில்லை. அவர் பெட்டியின் விளிம்பெல்லாம் உள்ளங்கையை நகர்த்திக்கொண்டே போய், பின்பக்கம் இடது மூலையில் நின்றார். "இங்க மூச்சு விடுது." அந்த வருஷம் எடுத்த அடையின் மெழுகை உருக்கிக் கொண்டுவந்து மூலையில் தேய்த்தார். மறுபடி அழுத்தி விட்டேன். கூம்பு தூக்கம் கலையாத குழந்தை மாதிரி நிதானமாகத் திரும்பி வந்தது. அந்த மெழுகு வாசனை கடைசிவரை பெட்டியில் இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் இணையத்தில் படித்திருந்தேன். புது வூஃபரின் விளிம்பு விறைப்பாக இருக்கும், காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஸ்வரத்தை ஆறு மணி நேரம் விடாமல் கொடுத்தால் தளரும், நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று. கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய் என்று இப்போது தெரியும். அப்போது வேதம்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கூம்பு மட்டும் முன்னும் பின்னும் ஆடியது. சற்று நேரத்தில் அலமாரியில் தட்டுகள் நடுங்கின, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது.

"பாத்திரம்லாம் பேய் புடிச்ச மாதிரி ஆடுது. தூக்கினு போடா வெளிய" என்றாள் அக்கா.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் மொட்டைப்பாறைதான். பெட்டியை வெறும் பாறைமேல் வைத்து, தூசி படாமல் சாக்கு மூடி, பேட்டரியையும் ஆம்ப்ளிஃபையரையும் வெயில் படாமல் இச்சி மரத்தடியில் வைத்து, இரண்டுக்கும் நடுவே பத்தடி ஒயர் ஓட்டினேன். காலையில் போட்டுவிட்டேன். அடை இருப்பது மறுபக்கம். நடுவில் அத்தனை பெரிய பாறை. என் காதுக்கே கேட்காத ஒன்று ஈக்களை என்ன செய்யும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதே அதிகம். அதற்கு அரை நிமிஷம்கூட நான் செலவழிக்கவில்லை.

அன்று தேன் எடுக்கிற நாளும் இல்லை. பிற்பகலில் மேற்கே மேகம் கட்டியது. மழை அடித்தால் அடை வீண். கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பச்சைத் தழைக் கட்டோடு அவர் பாறை ஏறி வந்தார்.

"மச்சான், வா. மழைக்கு முன்ன எறங்கிட்டு வந்துர்றேன்."

ஆறு மணி நேரத்துக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் பாக்கி இருந்தது.

அவர் சாக்கு மூடிய பெட்டியைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார்.

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன் மாமா."

அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் தலையசைத்தார். எதன்மேலும் கையை வைக்காமல் நம்பாத மனிதர். பெட்டி பத்தடி தூரத்தில் இருந்தது. போய்க் கையை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மேகத்தைப் பார்த்த அவசரத்தில் விளிம்புப் பாறையிலும் வைக்கவில்லை. நான் சொன்னது போதும் என்று நினைத்துவிட்டார். இடுப்பில் கயிற்றைக் கட்டினார், தழையைக் கொளுத்தினார், இறங்கினார்.

கயிற்றில் எங்களுக்கு ஒரு பேச்சு உண்டு. ஒரு இழுப்பு என்றால் விடு. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் மேலே இழு. அடை பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது. விளிம்புக்குக் கீழே போனவரை நான் பார்க்கவும் முடியாது. கயிறு மட்டும்தான் தெரியும்.

ஒன்று. விட்டேன். ஒன்று. விட்டேன். கயிறு பாதி தீர்ந்தது. பிறகு இரண்டு.

பிடித்துக்கொண்டு நின்றேன். அடைக்கு நேராக வந்துவிட்டார் போல. புகை காட்டுவார், அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. முறத்தில் சாமை புடைக்கிற மாதிரி. சர்... நின்றது. சர்... நின்றது. ஈக்கள் மிரளும்போது அடை முழுக்க ஒன்றையடுத்து ஒன்றாக உடம்பைத் தூக்கும், கறுப்பின்மேல் ஒரு அலை ஓடும். அந்தச் சத்தம்தான் அது என்று எனக்குத் தெரியும். வழக்கமாக ஓரிரு முறை வந்து அடங்கிவிடும். இன்று அடங்கவில்லை. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

திரும்பிப் பார்த்தேன். பெட்டியின்மேல் சாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் நான்கு மூலையும் பாறையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. பாறை முழுக்க ஒரே கல். என் செருப்பில்லாத பாதத்துக்கு அப்போதுதான் அந்த அதிர்வு தெரிந்தது.

கயிற்றை விட முடியாது. மரத்தில் கட்ட இரண்டு கையும் வேண்டும், கட்டுகிற அந்த நேரம் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க ஆள் இருக்காது. கூப்பிட முடியாது. சாமை புடைக்கிற சத்தம் இப்போது இடைவெளியே இல்லாமல் ஓர் இரைச்சலாகிவிட்டது. முதல் ஈ என் கழுத்தில் கொட்டியது. கயிற்றில் திடீரென்று கனம் ஏறியது. அவர் முடிச்சுக் கயிற்றைத் தவறவிட்டிருந்தார். முழு ஆளும் என் கையில்.

ஆம்ப்ளிஃபையர் மரத்துக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டாது. அதன் ஒயர் என் இடது காலிலிருந்து இரண்டு முழம் தள்ளி ஓடியது. கயிற்றை மார்போடு அணைத்து, மரத்தில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டினேன். எட்டவில்லை. கயிறு கையில் அரை முழம் வழுக்கியது. கீழே ஏதோ பாறையில் மோதியது. இன்னும் சரிந்து, கிட்டத்தட்டப் படுத்து, கட்டைவிரலால் ஒயரைக் கொக்கி போட்டு இழுத்தேன். ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

சாக்கு அந்தக் கணமே நின்றது. வால் இல்லை, நடுக்கம் இல்லை. அருமையான வூஃபர். நிறுத்தினால் நிற்கிற வூஃபர்.

ஈக்கள் நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேகம் மழை தராமல் விலகி வெயில் வந்தது. மரத்தின் நிழல் என் முழங்காலில் தொடங்கி இடுப்பு வரை ஏறியது. கழுத்திலும் காதிலும் கொட்டியவற்றை எண்ணுவதை விட்டுவிட்டேன். கயிறு அசையவில்லை. அசையாத கயிற்றின் கனம் உயிருள்ள ஆளுடையதா இல்லையா என்று கையால் கண்டுபிடிக்கப் பார்த்தேன். அவர் மாதிரி எனக்கு அது தெரியாது. அக்காவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு வாக்கியம் தொடங்குவேன், முடிக்க மாட்டேன், மறுபடி தொடங்குவேன்.

பிறகு கனம் கொஞ்சம் குறைந்தது. முடிச்சுக் கயிறு ஆடியது. மூன்று இழுப்பு.

மேலே வந்தவரின் முகம் அவருடையதாக இல்லை. ஒரு கண் மூடிவிட்டது. உதடு தொங்கியது. கையில் அடை அறுக்கிற கத்தியும் இல்லை, தேனும் இல்லை. விளிம்பில் தவழ்ந்து ஏறி, எழுந்து நின்று, என்னைத் தாண்டி நடந்து போனார். சாக்கை விலக்கினார். பெட்டியின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். தலையைச் சாய்த்தார்.

"நின்னுடுச்சி" என்றார்.

வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு கொடுக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அழுகையும் திட்டுமாக, "எப்டி ஆச்சி, எப்டி ஆச்சி" என்று கேட்டாள்.

"காத்து திரும்பிடுச்சி. பொகை மேல போயிட்டுது" என்றார் வீங்கிய வாயால்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஆமாக்கா" என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

எனக்குத் திட்டு வேண்டியிருந்தது. ஒரு அறை வேண்டியிருந்தது. பெட்டியை மறுநாளே பிரித்துவிட்டேன். அவர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல அதன் மூலையிலிருந்த மெழுகை வாங்கிப் பழைய டப்பாவில் போட்டுக்கொண்டார்.

அடுத்த பருவத்தில் கயிற்றோடு வந்தார். "வா மச்சான்." பாறைக்குப் போனோம். பெட்டி இல்லை, ஒயர் இல்லை, எதுவும் இல்லை. இடுப்பில் கட்டிக்கொண்டார். குனிந்து பாறையில் கையை வைத்தார். அதிரவில்லை என்று தலையசைத்தார். பிறகு நிமிர்ந்து, என் பக்கம் வந்து, அதே கையை என் நெஞ்சில் விரித்து வைத்தார். இதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் மூச்சைப் பிடித்தேன். மூச்சைப் பிடித்ததும் அது இன்னும் பலமாக அடித்தது.

"அதிருது மச்சான். இன்னைக்கு வேணாம்."

கோபம் இல்லை. பேருந்திலிருந்து இறங்கச் சொன்ன அதே குரல். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அந்தப் பருவத்தில் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நெஞ்சில் கை. மூன்று முறையும் இன்னைக்கு வேணாம். வேறு ஆளைப் பிடிக்க வைக்கலாம் என்று அக்காவே சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும், மச்சான் நான் ஒருவன்தான்.

பிறகு எனக்கு வேலை கிடைத்து ஓசூர் வந்துவிட்டேன். சில வருஷங்கள் ஆகிவிட்டன. விடுமுறைக்குக்கூட தேன் பருவம் பார்த்துத் தவிர்த்துதான் போவேன். போன வாரம் அக்கா பேசினாள். பாறையில் ஆள் கை படாமல் அடைகள் பெருத்துவிட்டனவாம், அந்தப் பக்கம் முழுக்கக் கறுப்பாம். அவர் காலையில் கயிறு இரண்டையும் எடுத்து வாசலில் வெயில் காயப் போட்டிருக்கிறாராம்.

"மச்சான் எப்ப வருதுன்னு கேக்கறாரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று வெள்ளி. சட்டைக்குள் கையை விட்டு, உள்ளங்கையை நெஞ்சில் விரித்து வைத்துப் பார்த்தேன். இன்னும் நிற்கவில்லை.